குறைக்காரர் இருநூற்று ஐம்பத்து நாலு

சுணங்கமங்கலம் நகராட்சியில் மூளை இல்லாதவர் என்று ஒருவரைக்கூடக் காட்ட முடியாது. எல்லாருக்கும் இருந்தது. உபயோகித்தால் தேய்ந்துபோய்விடுமே என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த நகராட்சியின் கணினிப் பிரிவுக்குத் தலைவர் பொன்னுலிங்கம். கணினி தெரிந்து தலைவர் ஆனவர் அல்ல. அதற்கு முன்பு கொசு ஒழிப்புப் பிரிவில் புகை மிஷின் சுமந்துகொண்டிருந்தார். பங்குனி வெயிலில் அந்தச் சூட்டு மிஷினை முதுகில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்ததில் கொசுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பொன்னுலிங்கத்தின் முதுகு முழுக்க வேர்க்குரு போட்டுவிட்டது. சுவரில் தேய்த்து, தூணில் தேய்த்து, கடைசியில் ஒரு கவுன்சிலரின் கார் கதவில் தேய்க்கும்போது பிடிபட்டார். அந்தச் சமயம் பார்த்துப் பதவி உயர்வு வந்தது. காலியாக இருந்த இடம் கணினிப் பிரிவு.

அங்கே ஏ.சி. இருந்தது. மிஷின்கள் சூடாகாமல் இருக்கப் போட்டது. பொன்னுலிங்கம் முதல் நாளே அதன் காற்று நேராக முதுகில் படும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அப்படித் திருப்பியதில் கணினித் திரை அவருக்குப் பின்னால் போய்விட்டது. அதனால் வேலைக்கு எந்தக் குந்தகமும் வரவில்லை. ஒரே வாரத்தில் முதுகு சந்தனக் கட்டை மாதிரி வழவழப்பாகிவிட்டது. இனி ஓய்வு பெறும்வரை இந்த அறையை விட்டு நகர்வதில்லை என்று அவர் குலதெய்வத்தின் மீது சத்தியம் செய்துகொண்டார்.

அவருக்குக் கீழே இரண்டு பேர். முதுநிலை உதவியாளர் வேலாயுதப்பெருமாளுக்கு அரசாங்க விதிகள் அத்தனையும் மனப்பாடம். எந்த விதி எதற்கு என்பது மட்டும்தான் தெரியாது. தட்டச்சர் செண்பகவல்லி சொன்னதைச் சொன்னபடி செய்பவள். ஒருமுறை "கதவை வெளிப்பக்கமாச் சாத்திட்டு உள்ள வந்து உக்காரு" என்று பொன்னுலிங்கம் தூக்கக் கலக்கத்தில் சொல்லிவிட்டார். அவள் வெளியே நின்று கதவைச் சாத்திவிட்டு, அடுத்த பாதியை எப்படி நிறைவேற்றுவது என்று தெரியாமல் சாயங்காலம்வரை வராந்தாவில் நின்றாள்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த அலுவலகத்துக்குப் புது ஆணையராக மங்கையர்க்கரசி அம்மாள் வந்து சேர்ந்தார். வந்ததும் வராததுமாக, ஊர் ஜனங்கள் வீட்டிலிருந்தபடியே குறைகளைச் சொல்ல ஒரு இணையதளம் வேண்டும் என்றார். சாக்கடை, தெருவிளக்கு, நாய், குடிதண்ணீர், எதுவானாலும் செல்போனில் தட்டினால் நகராட்சிக்கு வந்துவிட வேண்டும்.

"தளம் ஒழுங்கா ஓடணும், பொன்னுலிங்கம். ஓடலைன்னா நீங்க பழைய இடத்துக்கே போயிரலாம். புகை மிஷின் சும்மாதான் கிடக்குது" என்றார்.

பொன்னுலிங்கத்தின் முதுகு அப்போதே லேசாக ஊறத் தொடங்கியது.

சென்னையிலிருந்து ரோஷன் என்று ஒரு பொறியாளர் வந்தான். சர்வர் என்ற பெரிய கணினிகள் மூன்றும், அவற்றுக்கு முன்னால் வைக்க ஒரு தட்டையான பெட்டியும் கொண்டுவந்தான். அந்தப் பெட்டிக்கு லோட் பேலன்சர் ஸ்விட்ச் என்று பெயர். முன்பக்கம் போர்ட் என்று நான்கு ஓட்டைகள்; ஒவ்வொன்றிலும் ஒரு கேபிள்; ஒவ்வொரு கேபிளுக்கும் மேலே பச்சையாக ஒரு விளக்கு.

"ஜனங்களோட புகார் எல்லாம் முதல்ல இந்தப் பெட்டிக்குத்தான் சார் வரும். இது பின்னாடி இருக்கிற மூணு சர்வருக்கும் வேலையைச் சமமாப் பிரிச்சுக் கொடுக்கும். அஞ்சு செகண்டுக்கு ஒருமுறை சர்வர் உயிரோட இருக்கான்னு கேட்டுக்கிட்டே இருக்கணும். பதில் சொல்லாத சர்வருக்கு வேலை கொடுக்கக் கூடாது" என்றான் ரோஷன்.

செண்பகவல்லி தலையை ஆட்டினாள். யார் கேட்க வேண்டும் என்று அவன் சொல்லவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

"கடைசியா ஒண்ணு. புராக்ஸி ஐ.பி. முகவரி. ஜனங்க கேட்டது பெட்டிகிட்ட. பதில் சர்வர்கிட்ட இருந்து நேராப் போச்சுன்னா, 'உன்னை நான் கேக்கவே இல்லையே'ன்னு அவங்க போன் தள்ளிவிட்டுடும். அதனால பெட்டி தன்னோட முகவரியிலேயே சர்வர்கிட்ட கேக்கும். சர்வர் பெட்டிக்குப் பதில் சொல்லும். பெட்டி அதை ஜனங்களுக்குக் கொடுக்கும். உள்ளே போற எதுவும் இந்தப் பெட்டி முகவரியிலதான் போகணும். வேற யார் முகவரியும் உள்ளே போகக் கூடாது."

வேலாயுதப்பெருமாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நாங்க 'ஆணையருக்காக'ன்னு கையெழுத்துப் போடுதோம்லா? அது மாதிரி."

"அதேதான் சார்" என்றான் ரோஷன். அவனுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. இத்தனை ஊர் சுற்றியும் இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டவர்களை அவன் பார்த்ததில்லை. பிள்ளை ஏமாந்துபோனான். "அப்போ முகவரியை நீங்களே போட்டுக்குங்க. ஒரு போர்ட்டுக்கு ஒண்ணுன்னு மொத்தம் நாலு. இந்த ஆபீஸ்ல வேற யாரும் வச்சிருக்காத எண்ணா இருக்கணும். எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு."

அவன் போனதும் மூவரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"ஆணையர் அம்மா கம்ப்யூட்டருக்கு எண் பத்து. நம்ம கம்ப்யூட்டருக்கு இருபது. இதுக்கு என்ன கொடுக்க?" என்று கேட்டார் பொன்னுலிங்கம்.

"அஞ்சு காலியா இருக்கு சார்" என்றாள் செண்பகவல்லி.

வேலாயுதப்பெருமாள் பதறிவிட்டார். "நேத்து வந்த பெட்டிக்கு அஞ்சா? ஆணையருக்கே பத்துதான். பணிமூப்பு என்னத்துக்கு ஆகும்? கடைசியா வந்தது கடைசியிலதான் நிக்கணும்."

"கடைசி எண் எது அண்ணாச்சி?"

"அது தெரியாது. போட்டுப் பாத்துட்டே போம்மா. பெட்டி எங்க மாட்டேங்குதோ அங்க நில்லு."

செண்பகவல்லி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். இருநூற்று ஐம்பத்து நாலுவரை பெட்டி வாங்கிக்கொண்டது. ஐம்பத்தைந்தைப் போட்டதும் தவறு என்று சிவப்பில் காட்டியது.

"பாத்தீங்களா? தன் இடம் எதுன்னு அதுக்கே தெரிஞ்சிருக்கு" என்று வேலாயுதப்பெருமாள் மெச்சிக்கொண்டார்.

அடுத்து, நான்கு முகவரி கேட்கிறதே என்ற பிரச்சினை வந்தது. இதில் வேலாயுதப்பெருமாள் அசைந்து கொடுக்கவே இல்லை. ஒரு ஊழியருக்குப் பணிப்பதிவேட்டில் ஒரு முகவரிதான் இருக்க முடியும். நான்கு முகவரி வைத்திருப்பவன் நான்கு குடும்பம் வைத்திருப்பவனாகத்தான் இருப்பான். அப்படிப்பட்ட பெட்டியை ஒரு பெண் பிள்ளை வேலை பார்க்கும் அறையில் வைப்பது முறையல்ல. பொன்னுலிங்கமும் அதை ஆமோதித்தார். நான்கு போர்ட்டுக்கும் சேர்த்து ஒரே முகவரி, இருநூற்று ஐம்பத்து நாலு என்று முடிவாயிற்று.

பிறகு வேலைப் பங்கீடு. மூன்று சர்வருக்கும் சமமாகக் கொடுக்க வேண்டும் என்று அந்தப் பையன் சொன்னதை நினைத்து இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

"அனுபவம் இல்லாத பய. எந்த ஆபீஸ்ல வேலையைச் சமமாப் பங்கு வைக்காங்க?" என்றார் பொன்னுலிங்கம். "லாரியில இருந்து முதல்ல இறக்கினது எது?"

செண்பகவல்லி காட்டினாள்.

"அது சீனியர். அதுக்கு வேலை கிடையாது. ரெண்டாவதா இறக்கினதுக்கு அவசரம்னா மட்டும் கொஞ்சம். மூணாவது புதுசு, மொத்தத்தையும் அது பாக்கட்டும்."

அப்படியே போட்டார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், தளம் ஓடியது. இத்தனை பேர் சேர்ந்து கெடுத்தும் ஓடியதென்றால் அந்தப் பெட்டியைச் செய்தவனைக் கும்பிடத்தான் வேண்டும். கோட்டைவாசல் தெருவில் குழாயில் சாக்கடை வருகிறது, பஜாரில் விளக்கு எரியவில்லை, சந்தைப்பேட்டையில் நாய் கடித்துவிட்டது என்று புகார்கள் வந்து விழுந்தன. பெட்டியின் பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டே இருந்தன.

செண்பகவல்லி ஸ்டூலைப் போட்டு மூன்று சர்வர்களுக்கும் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். "உயிரோட இருக்கியா?" என்று கேட்பாள். ஐந்து எண்ணுவாள். மறுபடியும், "உயிரோட இருக்கியா?" மூன்றாவது சர்வர் மட்டும் உள்ளே விசிறி சுற்றி உர்ரென்று பதில் சொன்னது. மற்ற இரண்டுக்கும் அவள் ஆப்சென்ட் போட்டாள். சாப்பாட்டு நேரத்தில் வேலாயுதப்பெருமாள் மாற்றாளாக உட்கார்ந்து கேட்டார். அவர் வயதில் மூத்தவர் என்பதால் "உயிரோட இருக்கியாலே?" என்று உரிமையோடு கேட்டார். இரண்டு பேருக்கும் தொண்டை கட்டிவிட்டது. இந்த வேலையைப் பெட்டி தானாகவே செய்துகொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

மொத்த ஊரின் பாரத்தையும் சுமந்த மூன்றாவது சர்வர் கொஞ்ச நாளில் புகைந்து, கருகல் நாற்றம் அடித்து, ஓய்ந்துபோனது.

"உயிரோட இருக்கியா?" என்று கம்மிய குரலில் கேட்டாள் செண்பகவல்லி. பதில் இல்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அறையில் அவள் கேட்டதற்கு மதித்துப் பதில் சொன்னது அது ஒன்றுதான்.

"பணியில இருக்கும்போது போயிருக்கு. வாரிசுக்கு வேலை கொடுக்கணும். விதி இருக்கு" என்றார் வேலாயுதப்பெருமாள்.

"வாரிசு யாரு?" என்று கேட்டார் பொன்னுலிங்கம்.

அந்த சர்வரோடு ஒரு கீபோர்டும் மவுசும் வந்திருந்தன. நெடுநேரம் ஆலோசித்தார்கள். மவுஸ் உருவத்தைப் பார்த்தால் மைனர் மாதிரி இருந்ததால் அதைத் தள்ளிவிட்டார்கள். கீபோர்டைத் தூக்கி இரண்டாவது சர்வரின் தலைமேல் வைத்து, இனி நீ இவருக்கு உதவியாக இரு என்று சொல்லி வைத்தார்கள். வேலை இரண்டாவது சர்வருக்குப் போனது. அந்த மாற்றத்தையும் பெட்டிதான் சத்தமில்லாமல் செய்தது. பெயர் என்னவோ கீபோர்டுக்குப் போயிற்று.

மாதக் கடைசியில் ஆணையர் ஆய்வுக் கூட்டம் போட்டார். ஆணையர் அறையில் ஏ.சி. கிடையாது. மேலே ஒரு மின்விசிறி, சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"எத்தனை புகார்?"

"ஆயிரத்துச் சொச்சம்மா" என்றார் பொன்னுலிங்கம். குறை இவ்வளவு இருந்தால் ஆணையர் யார் மேலாவது பாயத்தானே செய்வார்.

ஆணையரின் முகம் கறுத்தது. "ஆயிரமா? யார் யார் போட்டது?"

வேலாயுதப்பெருமாள் சர்வரிலிருந்து எடுத்த தாளைப் பார்த்து, அனுப்பியவர் என்ற கட்டத்தை வாசித்தார். "இருநூற்று ஐம்பத்து நாலு. அடுத்தது, இருநூற்று ஐம்பத்து நாலு. அடுத்தது..." பக்கத்தைப் புரட்டினார். "இருநூற்று ஐம்பத்து நாலு." கடைசிப் பக்கத்துக்குப் போனார். அங்கேயும் அதேதான்.

ஆணையர் தாளை வாங்கித் தானே ஒருமுறை புரட்டினார்.

"அப்போ ஆயிரம் புகாரும் ஒரே ஆள் போட்டதா?" என்று கேட்டார் ஆணையர்.

"அப்படித்தான் இருக்கு."

"இவ்வளவு பெரிய ஊர்ல ஒரே ஒருத்தருக்குத்தான் குறையா?"

"வேற யார் எண்ணும் இல்லைம்மா."

ஆணையரின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. மற்ற ஜனம் அத்தனையும் மனம் நிறைந்து வாழ்கிறது என்று அன்றே பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுத்தார். குறையில்லா நகராட்சிக்கு அரசாங்கம் தரும் விருது கண்ணில் தெரிந்தது. குறுக்கே நிற்பது ஒரே ஒரு ஆள்.

இந்த எண்ணை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று பொன்னுலிங்கத்துக்கு ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. ஆனால் ஏ.சி. இல்லாத இடத்தில் அவருக்கு யோசனை ஓடாது.

"அந்த ஆளைக் கண்டுபிடிச்சு எப்படியாவது சமாதானப்படுத்துங்க. இந்த வாரக் கடைசிக்குள்ள முடியலைன்னா, திங்கக்கிழமை காலையில நீங்க புகை மிஷினைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கலாம்" என்றார் ஆணையர்.

மூவரும் தங்கள் அறைக்கு வந்து தீவிரமாக ஆலோசித்தார்கள்.

"பஜார்ல விளக்கு எரியலைங்குதான். சந்தைப்பேட்டையில நாய் கடிச்சிருக்கு. அதே நேரத்துல ரயிலடிக்கிட்டயும் நாய் கடிச்சிருக்கு" என்றார் வேலாயுதப்பெருமாள். "சந்தைப்பேட்டைக்கும் ரயிலடிக்கும் நடுவுல ரெண்டு மைல்."

"ஆளு நல்ல நீளமா இருப்பானோ?" என்றார் பொன்னுலிங்கம்.

"கேர்ள்ஸ் ஹைஸ்கூல் பாத்ரூம்ல தண்ணி வரலைன்னும் எழுதியிருக்கு சார்" என்றாள் செண்பகவல்லி.

வேலாயுதப்பெருமாள் முகத்தைச் சுளித்தார். "நடத்தையும் சரியில்லை."

எல்லாத் தெருவிலும் அவனுக்குக் குறை இருப்பதால், அவனுக்குச் சொந்த வீடு கிடையாது, அந்த ஏக்கத்தில்தான் இப்படி எழுதுகிறான் என்று தீர்மானித்தார்கள். ஆறுதல் சொல்ல ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு மூவரும் கிளம்பினார்கள்.

கோட்டைவாசல் தெருவில் இசக்கியம்மாள் என்பவள் வாசலில் ஒரு வாளியோடு நின்றிருந்தாள். வாளியில் இருந்தது தண்ணீரா தாரா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது.

"அம்மா, இந்தப் பக்கம் குறை சொல்லிக்கிட்டு ஒரு ஆளு திரியுதானா?" என்று கேட்டார் பொன்னுலிங்கம்.

"யாரு, முனிசிபாலிட்டியா? வாங்க சார். புகார் போட்டது நாந்தான். குழாயைத் திறந்தா இதான் வருது. புள்ளைக்கு வயித்தால போயி ஆஸ்பத்திரியில கிடக்கு."

"உங்க எண் என்ன?"

"பன்னெண்டாம் நம்பர் வீடு."

"அப்போ நீங்க இல்ல."

"நாந்தாங்கேன்லா. இந்தா, இந்தப் போன்லதான் போட்டேன்."

"இருநூற்று ஐம்பத்து நாலுன்னு எங்ககிட்டப் பதிவாயிருக்கு. அடுத்தவருக்கு இருக்குற குறையை உங்க குறைன்னு சொல்லக் கூடாதும்மா. அதுக்குப் பேரு ஆள்மாறாட்டம்."

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். நானும் போட்டேன், நானும் போட்டேன் என்று ஆளாளுக்குப் போனை நீட்டினார்கள். ஒரு கிழவர் வேட்டியைத் தூக்கி நாய் கடித்த இடத்தையே காட்டினார். பொன்னுலிங்கம் ஒவ்வொருவரிடமும் பொறுமையாக எண்ணைக் கேட்டு, நீங்கள் இல்லை, நீங்கள் இல்லை என்று தள்ளிக்கொண்டே வந்தார். வேலாயுதப்பெருமாள் அவர் காதருகே குனிந்தார்.

"ஊரே சேந்து அவனைக் காப்பாத்தப் பாக்கு சார். பயங்கரச் செல்வாக்குள்ள ஆளு."

எந்தத் தெருவுக்குப் போனாலும் இதே கதைதான். வாழைப்பழம் கறுத்துப்போனது. செண்பகவல்லி கடைசிப் பழத்தை வேலாயுதப்பெருமாளுக்குத் தெரியாமல் சாப்பிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் அலுவலகத்துக்குத் திரும்பியபோது, வராந்தாவில் யாரோ புகை மிஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தார்கள். அதன் தோல் வாரைப் பார்த்ததும் பொன்னுலிங்கத்துக்கு அழுகை முட்டியது. அறைக்குள் போய், ஏ.சி.க்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கடைசி முயற்சியாக ரோஷனுக்குப் போன் போட்டார்.

"தம்பி, இருநூற்று ஐம்பத்து நாலுன்னு ஒரு ஆளைத் தேடுதோம். உங்களுக்குத் தெரியுமா?"

"ஆளா? சார், அது நீங்க பெட்டிக்குப் போட்ட புராக்ஸி முகவரி. உங்க ரூம்லயேதான் இருக்கு. யார் என்ன கேட்டாலும் சர்வருக்கு அந்த முகவரிதான் தெரியும். நான் சொன்னேனே. ஜனங்களோட சொந்த முகவரி தெரியணும்னா அதுக்கு வேற ஒரு..."

அதற்குமேல் பொன்னுலிங்கம் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு மெதுவாகத் திரும்பினார். பெட்டி ஒன்றும் தெரியாததுபோல் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"நீயா?" என்றார். "என் பக்கத்துலயே உக்காந்து, நான் வாங்குற காத்துல பாதியை வாங்கிக்கிட்டு, நகராட்சி மேல ஆயிரம் புகார் போட்டிருக்கியே. உனக்கு என்ன குறை வச்சோம்?"

"கண்ணடிக்குது பாருங்க சார்" என்றார் வேலாயுதப்பெருமாள்.

திங்கள் காலையில் குற்றவாளி பிடிபட்டதை ஆணையரிடம் சொன்னார்கள். எதிரி வெளியாள் இல்லை, உள்வீட்டு ஆள்தான் என்றதும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேலாயுதப்பெருமாளுக்கு வாழ்நாளில் கிடைக்காத சந்தர்ப்பம். நடத்தை விதிப்படி, பணியாளர் ஒருவர் தன் அலுவலகத்தையே குறை கூறுவது குற்றம். பெட்டிக்கு விளக்கம் கேட்டு மெமோ தயாராயிற்று. செண்பகவல்லி அதைப் பெட்டிக்கு வாசித்துக் காட்டிவிட்டு, அதன் நெற்றியில் ஒட்டினாள். குறித்த கெடுவுக்குள் விளக்கம் வரவில்லை. மாறாக, அந்த இடைவெளியிலும் அது கூசாமல் புகார் அனுப்பிக்கொண்டே இருந்தது.

பெட்டி பணியிடை நீக்கம் செய்யப்பட்டது. நான்கு கேபிளையும் பிடுங்கினார்கள். பணியிடை நீக்கத்தில் இருப்பவர் முன் அனுமதி இல்லாமல் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்பதால் மேசைக் காலோடு சேர்த்துச் சங்கிலி போட்டார்கள். பணியிடை நீக்கக் காலத்தில் பாதிச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பெட்டி சம்பளமாக வாங்கியது கரண்டைத்தான். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் அதற்குக் கரண்ட் கொடுத்தார்கள். விதி விஷயத்தில் சுணங்கமங்கலம் யாரையும் வஞ்சித்ததில்லை.

அன்றிலிருந்து ஊரில் ஒரு புகார்கூட வரவில்லை. தளத்தைத் திறந்தால் ஜனங்களுக்கு வெறும் வெள்ளைத் திரைதான் வந்தது. குழாயில் வந்தது வந்துகொண்டிருந்தது, நாய் கடித்துக்கொண்டிருந்தது. குறையில்லா நகராட்சி விருது கிடைத்து, ஆணையர் படம் பத்திரிகையில் வந்தது.

பொன்னுலிங்கம் தப்பித்தார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்து நாற்காலியை ஏ.சி.க்கு நேராகப் போட்டுக் கண்ணை மூடினார். அப்போது நான்கு பேர் ஏணியோடு வந்தார்கள்.

"வேலை பாக்குற மிஷினுக்குத்தான் சார் ஏ.சி. அனுமதி. மிஷின் சஸ்பெண்டுல இருக்குல்லா? ஆணையர் அம்மா ரூமுக்கு மாத்தச் சொல்லியாச்சு" என்று சொல்லி, கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சுவரில் ஒரு சதுர ஓட்டை மிஞ்சியது. அதன் வழியாக வெயில் நேராகப் பொன்னுலிங்கத்தின் முதுகில் விழுந்தது.

கூடவே ஓர் ஆணையும் வந்தது. பெட்டி காலி செய்த இடத்தை வெறுமனே விட முடியாதாம். அதன் பணிகளைக் கூடுதல் பொறுப்பாகப் பொன்னுலிங்கமே கவனிக்க வேண்டும். செண்பகவல்லி ஸ்டூலை இழுத்து அவர் முன்னால் போட்டுக்கொண்டு, "உயிரோட இருக்கீங்களா சார்?" என்று ஐந்து வினாடிக்கு ஒருமுறை மரியாதையாகக் கேட்க ஆரம்பித்தாள்.

மூன்றாம் நாளே வேர்க்குரு வந்துவிட்டது. முதலில் தோள்பட்டையில், பிறகு முதுகு முழுக்க. பொறுக்க முடியாமல் ஏ.சி.யைத் திரும்பக் கேட்டு ஒரு மனு எழுதினார். அடியில் பெயர் போடப் போனவரை வேலாயுதப்பெருமாள் தடுத்தார்.

"இந்த இடத்துல இருந்து உள்ள போற எதுவும் பெட்டி முகவரியிலதான் போகணும்னு அந்தப் பையன் சொல்லியிருக்கானே சார். வேற யாரு முகவரியும் போகக் கூடாது."

நியாயம்தானே என்று பொன்னுலிங்கம் பெயரை அடித்துவிட்டு, இருநூற்று ஐம்பத்து நாலு என்று எழுதி அனுப்பினார்.

அரை மணி நேரத்தில் ஆணையர் அழைத்தார். அவர் அறை சில்லென்று இருந்தது. மனு அவர் கையில் இருந்தது.

"விருது வாங்கி ஒரு மாசம்கூட ஆகலை. மறுபடியும் அதே ஆள். இருநூற்று ஐம்பத்து நாலு. பெட்டியைத்தான் கட்டிப் போட்டாச்சே, அப்போ இது யாரு?"

பொன்னுலிங்கம் மனுவை வாங்கிப் பார்த்தார். நல்ல குளிர்ச்சியில் இருந்ததால் அவருக்கு மூளை சுறுசுறுப்பாக ஓடியது.

"ஆள்மாறாட்டம்மா. பெட்டி இல்லாத நேரம் பாத்து எவனோ அதோட எண்ணைப் போட்டு எழுதுதான்."

"பிடிச்சிட்டு வாங்க. இல்லைன்னா புகை மிஷின்தான்."

பொன்னுலிங்கம் குடையை எடுத்துக்கொண்டு வெயிலில் கிளம்பினார். கோட்டைவாசல் தெருவுக்குள் நுழையும்போதே அரிப்பு தாங்காமல் குடைக்காம்பைச் சட்டைக்குள் விட்டு முதுகைச் சொறிந்துகொண்டு போனார். இசக்கியம்மாள் அதே வாளியோடு வாசலில் நின்றிருந்தாள்.

"அம்மா, இந்த ஊர்லயே ஒருத்தனுக்குத்தான் குறை. அந்த ஆளைத்தான் தேடிக்கிட்டு அலையுதேன்."

"அவருக்கு என்ன குறையாம் சார்?"

"முதுகு பூரா வேர்க்குருவாம்மா. காத்து வேணுமாம்" என்று சொல்லிக்கொண்டே பொன்னுலிங்கம் அவள் வீட்டு வாசல் நிலையில் முதுகைச் சாய்த்து மேலும் கீழுமாகத் தேய்த்தார்.

இசக்கியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள்.

"ஆளைப் பாத்தா அடையாளம் தெரியுமா சார்?"

"அதாம்மா தெரியலை" என்றார் பொன்னுலிங்கம். கண்ணை மூடி இன்னும் கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார்.